கொடிமலை ஏற்றம்: பினாங்கு மலைப்பாதையும் அதில் சுமந்து சென்றோரும்

பினாங்குத் தீவின் கிழக்குக் கரையில், ஜார்ஜ் டவுன் படகுத்துறையில் நின்று மேற்கே நோக்குவோர்க்கு நகரத்தின் கூரைகளுக்குப் பின்னால் ஒரு கருநீலச் சுவர் போல மலைத்தொடர் ஒன்று தோன்றும். நகர நடுவிலிருந்து அதன் தொலைவு ஏறத்தாழ 6 கிலோமீட்டர்தான். உயரமோ, மேற்கு முகட்டில், கடல் மட்டத்திற்கு மேல் 833 மீட்டர். கடலுக்கும் முகட்டிற்கும் இடையே இத்துணைக் குறுகிய வெளியே இருப்பதால், இம்மலையில் மெல்ல மெல்ல உயரும் சாரல் என்று சொல்லத்தக்க பகுதி மிகக் குறைவு. அடிவாரத்தில் கால் வைத்த சிறிது நேரத்திலேயே ஏற்றம் தொடங்கிவிடும். தாவரவியல் பூங்காவின் அருகிலிருந்து மேலே செல்லும் ஜீப் பாதை 5 கிலோமீட்டரைச் சற்றே மிஞ்சும் நீளமுடையது. அந்நீளத்திற்குள் 600 மீட்டருக்கும் மேல் உயர வேண்டியிருப்பதால், எட்டு அடி முன்னே வைத்தால் ஓரடி மேலே ஏறியாக வேண்டும் என்பது கணக்கு. இது சராசரிதான், வளைவுகளில் ஏற்றம் இன்னும் கடுமையாகும்.

இம்மலையின் வரலாற்றைக் கூறும் நூல்கள் பெரும்பாலும் மேலே இருந்த மாளிகைகளின் வரலாற்றையே கூறுகின்றன. யார் எந்த மாளிகையைக் கட்டினார், எந்த ஆளுநர் அங்குத் தங்கினார், எவர் அங்கு உடல்நலம் பெற்றார் என்பனவற்றை அவற்றில் விரிவாகக் காணலாம். அவர்கள் மேலே எவ்வாறு சென்றனர் என்னும் வினா ஓரிரு வரிகளில் முடிந்துவிடும். இக்கட்டுரை அவ்வரிகளை எடுத்துக்கொண்டு மலைப்பாதையின் பக்கத்திலிருந்து வரலாற்றைப் பார்க்க முற்படுகிறது. மாளிகைகளைப் பற்றிப் பேசாமல் இயலாது. ஆயினும் அவற்றை விரைந்து கடந்துவிடலாம்.

பிரான்சிஸ் லைட் 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் இத்தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் கைக்கொண்டார். இரண்டாண்டுகளுக்குள்ளாகவே, 1788 அளவில், குதிரை ஏறக்கூடிய தடம் ஒன்று மலைமேல் வெட்டப்பட்டது என்றும், மேலே ஸ்ட்ராபெரி பயிரிடும் எண்ணம் லைட்டிற்கு இருந்தது என்றும் கூறுவர். பழம் விளைந்ததோ இல்லையோ, ஸ்ட்ராபெரி மலை என்னும் பெயர் நிலைத்துவிட்டது. ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறியது 1819இல். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே பினாங்கில் ஐரோப்பியர் குளிர் நாடி மலையேறத் தொடங்கிவிட்டனர் என்பது நம்மில் பலர் கவனியாத செய்தி. உதகையைக் கொண்டு இம்மலையை விளக்குவது வழக்கம். காலவரிசைப்படி பார்த்தால் இம்மலையைக் கொண்டு உதகையை விளக்குவதே பொருந்தும். இந்தியாவில் நோயுற்ற கம்பெனி அலுவலர்கள் கடல் கடந்து இங்கு வந்து தேறிய காலமும் உண்டு.

குளிரை நாடியது சொகுசிற்காக மட்டும் அன்று. மலேரியா கொசுவினால் பரவுவது என்பது 1890களின் இறுதியில்தான் மெய்ப்பிக்கப்பட்டது. அதற்கு முன் தாழ்நிலத்துச் சதுப்பிலிருந்து எழும் கெட்ட காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்று மருத்துவர்கள் நம்பினர். காரணத்தை அவர்கள் பிழையாக அறிந்திருந்தனர். எனினும் உயரத்தில் காய்ச்சல் குறைவு என்ற பட்டறிவு பிழையன்று. லைட் தாமே 1794இல் காய்ச்சலில் மாண்டவர். ஆகவே மலைமேல் ஏறுவது என்பது அக்காலத்தில் சிலர்க்கு உயிர் காக்கும் வழி. நோயுற்றவர் நடந்து ஏற இயலாது. குதிரைமேல் அமரவும் வலுவிராது. அவரை மற்றொருவர் சுமந்துதான் செல்ல வேண்டும். பாதையின் வரலாறு இவ்விடத்தில்தான் தொடங்குகிறது என்று நான் கருதுகிறேன்.

பெயரும் பார்வையும்

மலைத்தொடரின் முகடுகளுக்கு ஆங்கிலேயர் தனித்தனிப் பெயர்கள் இட்டனர். அரசாங்க மலை, ஸ்ட்ராபெரி மலை, ஹாலிபர்ட்டன் மலை, புலிமலை என அவை நீளும். கேப்டன் ராபர்ட் ஸ்மித் வரைந்து வில்லியம் டேனியல் 1821இல் செதுக்கி வெளியிட்ட பினாங்குக் காட்சிப் படங்களில் ஸ்ட்ராபெரி மலையிலிருந்தும் ஹாலிபர்ட்டன் மலையிலிருந்தும் கீழே பார்க்கும் காட்சிகள் இடம்பெற்றுள்ளன. மேலே நின்று கீழே நோக்கும் பார்வை அது.

கீழே நின்று மேலே நோக்கியோர் வேறு பெயர் இட்டனர். மலாய்க்காரர்கள் புக்கிட் பெண்டேரா என்றனர். ஹொக்கியன் சீனர் வழங்கும் பெயரின் பொருள் கொடியேற்றும் மலை. தமிழர் கொடிமலை என்றனர். மூன்று மொழிகளிலும் கொடியே பெயராயிற்று. முகடுகளுள் ஒன்றில் கொடிமரம் நாட்டிக் கப்பல் வரவைத் துறைமுகத்திற்கு அறிவிக்கும் வழக்கம் இருந்தது. ஆங்கிலத்திலும் அம்முகடு ஒன்றிற்கு மட்டும் கொடிமர மலை என்னும் பெயர் உண்டு. ஆனால் ஆங்கிலத்தில் ஒரு முகட்டின் பெயராக நின்றது, மற்ற மூன்று மொழிகளில் மலை முழுமைக்கும் பெயராயிற்று. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்க்கும், தோணி ஓட்டியவர்க்கும், வணிகர்க்கும் மலையில் கண்ணுக்குத் தெரிந்த பயனுள்ள பொருள் அக்கொடி ஒன்றே. கொடி ஏறினால் கப்பல் வருகிறது. கப்பல் வந்தால் வேலை உண்டு. மாளிகைகள் அவர்கள் கண்ணில் பட்டிருந்தாலும் பெயரிடும் அளவுக்கு அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

மலாய்ப் பெயரிலுள்ள பெண்டேரா என்னும் சொல் போர்த்துகீசியத்திலிருந்து வந்தது. தமிழில் இப்பெயரை ஆக்கிக்கொள்ள எங்கும் கடன் வாங்க வேண்டியிருக்கவில்லை. கொடிமரம் என்பதும் கொடியேற்றம் என்பதும் கோயில் திருவிழாவோடு வந்த சொற்கள். அயல்நாட்டு மலையொன்றை அச்சொற்களால் எளிதாகத் தம் வழக்கிற்குள் கொண்டுவந்தனர்.

சுமந்தோர் யாவர்?

தீவின் தொடக்க காலத்திலேயே தமிழர் இங்கு இருந்தனர் என்பதற்கு லைட்டின் கடிதமே சான்று. 1794இல் அவர் எழுதிய அறிக்கையில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்து இங்குத் தங்கிய சூலியர்களைப் பற்றிக் கூறிவிட்டு, ஆண்டுதோறும் மரக்கலங்களில் 1300 முதல் 2000 பேர் வரை வந்து வணிகமும் எல்லாவகை உடலுழைப்பும் செய்து சில வெள்ளிகள் ஈட்டிக்கொண்டு ஊர் திரும்புவதையும், அவர்கள் இடத்திற்கு வேறு சிலர் வருவதையும் குறிப்பிடுகிறார். எல்லாவகை உழைப்பு என்பதில் மலையேற்றச் சுமையும் அடங்கியிருக்கலாம்.

இவர்களோடு இந்தியக் கைதிகளையும் சேர்த்து எண்ண வேண்டும். 1790 அளவிலிருந்து இந்தியாவினின்று நாடு கடத்தப்பட்டோர் பினாங்கிற்கு வரத் தொடங்கினர். தீவின் சாலைகளை அமைத்ததில் அவர்கள் உழைப்பு பெரிது. நீரிணைக் குடியேற்றங்களில் இந்தியக் கைதிகளை வைத்திருக்கும் முறை 1873இல் முடிவுக்கு வந்து, எஞ்சியோர் அந்தமானுக்கு அனுப்பப்படும் வரை, காடு வெட்டுதல், கல் உடைத்தல், பாதை செப்பனிடுதல் ஆகியவை அவர்கள் தலையில் விழுந்த பணிகள். ஆண்டுதோறும் மழையில் அரிக்கப்படும் ஒரு மலைத்தடம் நூறாண்டுக்கு மேல் நிலைத்திருந்ததென்றால் அதை ஆண்டுதோறும் யாரோ செப்பனிட்டிருக்க வேண்டும். அதில் இக்கைதிகளின் கை பட்டிருக்கும் என்று கருத இடமுண்டு.

சுமக்கும் கருவிக்கு டோலி என்று பெயர். ஆங்கில நூல்களில் வழங்கும் இச்சொல் வடமொழி வழியாக இந்தியில் வழங்கியது. தமிழர்க்குப் பழனியிலும் சபரிமலையிலும் கேட்டுப் பழகிய சொல்லே. நாற்காலி ஒன்றை இரு நீண்ட கழிகளின் இடையே பிணைத்து, கழிகளின் முனைகளைத் தோளில் ஏற்றிச் சுமப்பர். சமவெளியில் நால்வர் போதும். கடும் ஏற்றத்தில் அறுவரோ எண்மரோ தேவைப்பட்டனர். ஒரு பகுதியினர் சுமக்க மற்றவர் தோள் மாற்றக் காத்து உடன் நடப்பர். இதிலொரு நுட்பம் உண்டு. ஏற்றத்தில் நாற்காலி பின்னோக்கிச் சாயும். எடையில் பெரும்பங்கு பின்னால் வருபவர் தோளில் இறங்கும். நாற்காலியைச் சமமாக வைக்க முன்னவர் கழியைத் தாழ்த்தியும் பின்னவர் உயர்த்தியும் பிடிக்க வேண்டும். வளைவு வரும்போது வெளிப்புறத்தில் நிற்பவர் பள்ளத்தின் விளிம்பில் அடி வைக்க நேரும். இவற்றையெல்லாம் ஒருவர் சொல்லிக்கொடுக்க, மற்றவர் பழகித்தான் வந்திருக்க முடியும். கூலி வேலை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவதற்கு இது எளிய வேலையன்று. இடையில் ஒன்று: ஆங்கிலத்திற்குச் சென்ற கூலி என்னும் அச்சொல் நம் சொல்லா, குஜராத்துக் கோலி மக்களின் பெயரா என்று அறிஞரிடையே வேறுபாடு உண்டு. தமிழில் அது வேலைக்குத் தரும் ஊதியம். ஆங்கிலத்திற்குச் சென்றபின் ஆளையே குறிக்கலாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வெளிவந்த அஞ்சலட்டைப் படங்களில் இம்மலை டோலியைக் காணலாம். நாற்காலியில் அமர்ந்தவர் நிழற்படக் கருவியை நோக்கி அமைதியாக இருப்பார். சுமப்போர் அசையாமல் நிற்கும்படி பணிக்கப்பட்டிருப்பர். தோளில் சுமையோடு அசையாமல் நிற்பது நடப்பதைவிடக் கடினம் என்பது சுமந்தவர் அறிவர். அவர்கள் கால்கள் வெறுங்கால்கள். பயணிகளின் குறிப்புகளிலும் சுமப்போர் எண்ணிக்கையாக வருவர், பெயராக வருவதில்லை. பள்ளிகளில் இப்படங்களைக் காட்டும் ஆசிரியர்கள், படத்தின் கீழே அச்சிடப்பட்ட வாசகத்தை முதலில் மறைத்துவிட்டு, படத்தில் யார் என்ன செய்கிறார் என்று மாணவர்களைக் கேட்டுப் பார்க்கலாம். என் வகுப்பில் ஒரு மாணவி கண்டு சொன்ன பின்னரே நானும் வெறுங்கால்களைக் கவனித்தேன்.

மலைமேல் ஒரு முருகன்

எழுத்துச் சான்று குறைவான இடத்தில் கோயில் ஒன்று நிற்கிறது. மலையுச்சியிலுள்ள அருளொளித் திருமுருகன் ஆலயம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு சிறு கோயிலாகத் தொடங்கியது என்றும், டோலி சுமந்தோரும் மேலே காவற்பணி புரிந்த சிப்பாய்களும் வழிபட்ட இடம் அது என்றும் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. வாய்மொழி மரபை அப்படியே வரலாறாக ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. எனினும், ஒரு கோயில் தன் பிறப்பைப் பெரும் வணிகர் ஒருவரோடோ மன்னர் ஒருவரோடோ இணைத்துக்கொள்வதே பொது வழக்கம். சுமைதூக்கியவரோடு இணைத்துக்கொள்ளும் மரபு பெருமைக்காகப் புனையப்பட்டிருக்கும் என்று நம்புவது கடினம்.

மலையில் முருகன் என்றவுடன் தொல்காப்பியர் வகுத்த குறிஞ்சித் திணையை நாம் நினைவுகூர்வோம். கருத்தரங்குகளில் இத்தொடர்பைப் பலமுறை கேட்டிருக்கிறோம், நானும் கூறியிருக்கிறேன். இப்போது அது எனக்கு நிறைவளிக்கவில்லை. பினாங்கிற்கு வந்த தமிழர் பெரும்பாலோர் சமவெளியிலும் கடற்கரையிலும் பிறந்தவர். மலை அவர்களுக்குத் தாய்நிலம் அன்று. அவர்கள் தாங்கி வந்த முருகன் இலக்கணத் திணையின் முருகன் என்பதைவிடப் பழனி முருகன் என்பதே பொருந்தும். பழனிக் கதையின் நடுவில் நிற்பவன் இடும்பன். அகத்தியர் பணித்தபடி சிவகிரி, சக்திகிரி என்னும் இரு குன்றுகளைக் கழியொன்றின் இரு முனைகளிலும் கட்டித் தோளில் சுமந்து வந்தவன் அவன். வழியில் இளைப்பாற இறக்கி வைத்தான். மீண்டும் தூக்க இயலவில்லை. காவடி என்னும் வழிபாடே அச்சுமையிலிருந்து பிறந்தது. தோளில் கழியும் கழியில் சுமையுமாக நாள்தோறும் மலையேறியவர்க்கு இக்கதை எவ்வளவு நெருக்கமாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இது என் ஊகமே, மறுப்போர் மறுக்கலாம்.

இதே மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில்தான் தண்ணீர்மலை உள்ளது. நகரத்தார் கோயில் அங்கு 1850களில் எழுந்தது. குன்றின்மேல் உள்ள பாலதண்டாயுதபாணி ஆலயத்தின் இன்றைய பெருங்கோயில், 500க்கும் மேற்பட்ட படிகளுடன், 2012இல் குடமுழுக்குக் கண்டது. தைப்பூசத்தன்று இலட்சக்கணக்கானோர் கூடுவது இங்கேதான். மேலே உள்ள சிறு கோயிலுக்கு அத்தகைய கூட்டம் இல்லை. ஒன்று விருப்பத்தோடு சுமை தாங்கி ஏறும் மலை. மற்றொன்று பிழைப்பிற்காகச் சுமை தாங்கி ஏறிய மலை. இரண்டிற்கும் இடையே நேர்க்கோட்டில் சில கிலோமீட்டர்களே உள்ளன.

பாதை ஓய்ந்த கதை

சுமப்போரின்றி மலையேற வழி தேடும் முயற்சி 1897 அளவில் தொடங்கியது. தனியார் அமைத்த முதல் மலை இரயில், தொழில்நுட்பக் கோளாறுகளால் பயனற்றுப் போயிற்று. பின்னர் அரசாங்கமே இப்பணியை மேற்கொண்டது. மலாய்க் கூட்டரசு இரயில்வேயைச் சேர்ந்த பொறியாளர் ஆர்னல்டு ஜான்சன் சுவிட்சர்லாந்தின் மலை இரயில்களைப் பார்வையிட்டு வந்து இத்திட்டத்தை வகுத்தார். 15 இலட்சம் நீரிணை வெள்ளி செலவில் அமைந்த இரயில் 1923ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1924 ஜனவரி முதல் நாள் ஆளுநர் சர் லாரன்ஸ் கில்லமார்டு முறைப்படி தொடங்கி வைத்தார். பாதையின் நீளம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர். வடத்தின் இரு முனைகளிலும் இரு பெட்டிகள் பிணைக்கப்பட்டு, ஒன்று இறங்க மற்றொன்று ஏறும். தொடக்கத்தில் பாதை இரு பகுதிகளாக இருந்ததால் பயணிகள் நடுவழி நிலையத்தில் பெட்டி மாறினர். மேற்பகுதியில் பாறையைக் குடைந்த 79 மீட்டர்ச் சுரங்கம் ஒன்று உள்ளது. இரயில் செல்லும் சுரங்கங்களுள் உலகிலேயே மிகச் செங்குத்தானது அது என்பர்.

இரயில் ஓடத் தொடங்கியதும் டோலிக்கு வேலை இல்லாமற் போயிற்று. கொண்டாட்டத்திற்குரிய நாளாக 1923ஐ நூல்கள் எழுதுகின்றன. அது நியாயமே, மனிதனை மனிதன் சுமக்கும் நிலை ஒழிந்தது. எனினும் ஒரு தொழில் அற்றுப்போன ஆண்டும் அதுவே. மேலை நாட்டுப் பொறியாளரின் பெயர் நிலைத்தது. இரயில் தண்டவாளத்திற்குப் பாறை பெயர்த்தோரும் தூண்களுக்குக் கலவை சுமந்தோரும் வேறு யாராயிருக்க முடியும்? அக்கால மலாய்க் கூட்டரசு இரயில்வேயின் தொழிலாளர்களுள் தென்னிந்தியரே மிகுதி. டோலிப் பாதைக்கு மாற்றாக வந்த இரும்புப் பாதையிலும் அவ்வினத்தார் உழைப்பே கலந்திருக்கும். 1977இல் மரப்பெட்டிகள் மாற்றப்பட்டன. 2010இல் சேவை நிறுத்தப்பட்டு, 2011இல் இடை மாற்றமின்றி நேரே மேலேறும் புதிய இரயில் வந்தது. அரை மணி நேரப் பயணம் சில நிமிடங்களாகச் சுருங்கியது.

இன்று ஏறுவோர்

நடைபாதை அழிந்துவிடவில்லை. நிலா வாசல் எனப்படும் வட்டவடிவ வாயிலிலிருந்து ஒரு தடமும், தாவரவியல் பூங்காவிலிருந்து ஜீப் பாதையும் மேலே செல்கின்றன. விடுமுறை நாள்களின் விடியற்காலையில் மூவினத்தாரும் ஏறுவதைக் காணலாம். முதியோர் சிலர் ஊன்றுகோலோடு இளையோரை முந்திச் செல்வர். வழியிலுள்ள ஓய்விடங்களில் தன்னார்வலர் தாமே தேநீர் காய்ச்சி வைத்து, களைத்து வருவோர்க்கு விலையின்றித் தருகின்றனர். தண்ணீர்ப் பந்தல் அறம் என்று நாம் சொல்வதைச் சீன முதியோர் அங்கு வேறு பெயரில் செய்கின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் பன்னிருவரோடு இப்பாதையில் ஏறினேன். டோலி சென்ற தடத்திலேயே நடக்கிறோம் என்று அவர்களிடம் ஆர்வத்தோடு சொல்லிக்கொண்டு போனேன். அது என் பிழை. ஜீப் என்னும் வண்டி இரண்டாம் உலகப் போரில் தோன்றியது. ஜீப் பாதை என்னும் பெயர் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. நேரே உயரும் சாலை வேறு, குதிரைக்கும் தோளுக்கும் ஏற்றவாறு வளைந்து வளைந்து சென்ற பழைய தடம் வேறு. இரண்டும் சில இடங்களில் ஒன்றிச் செல்லலாம். முழுவதும் ஒன்றே என்று கூறியது ஆராயாமற் கூறியது. அடுத்த வகுப்பிலேயே திருத்திக்கொண்டேன்.

பழைய தடத்தின் எச்சங்களும் எளிதில் நிற்பதில்லை. மலை முழுவதும் கருங்கல். ஆனால் வெப்பமும் மழையும் அக்கல்லின் மேற்பகுதியை ஆழமாகச் சிதைத்து மண்ணாக்கி வைத்துள்ளன. பெருமழையில் அம்மண் நீர் குடித்துச் சரியும். 2017 நவம்பர் 4, 5 ஆகிய நாள்களில் தீவைத் தாக்கிய புயல்மழையில் மலையின் பல இடங்களில் நிலச்சரிவு ஏற்பட்டு, இரயிலும் ஜீப் பாதையும் முடங்கின. 2021 செப்டம்பரில் யுனெஸ்கோ இம்மலையை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. மேங்காயா மலயானா போன்ற அரிய மரங்களுக்கு அதனால் காப்பு உண்டு. பழைய பாதையின் கல் வரிசைக்கும் படிக்கும் கால்வாய்க்கும் அத்தகைய கணக்கெடுப்பு தேவை; அதனை இயற்கை அறிஞரிடம் விட்டுவிடாமல் நம் துறையினர் மேற்கொள்ளலாம். மலைப்பணியாளர் குடும்பங்களிடமுள்ள பழைய படங்களையும் பேச்சுவழக்கிலுள்ள இடப்பெயர்களையும் தொகுப்பது தமிழாசிரியர்களால் இயலக்கூடிய பணி. கொடிமலை என்னும் பெயரே இன்று இளையோர் நாவில் அருகி வருகிறது. என்னோடு வந்த பன்னிருவருள் மூவர்க்கே அது தெரிந்திருந்தது.

அன்று மேலேறி முடிக்க எங்களுக்கு மூன்று மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாயிற்று. முதுகில் ஒரு தண்ணீர்ப் புட்டியும் சிற்றுண்டிப் பொதியுமே சுமை. பதினான்கு முறை இளைப்பாறினோம். முருகன் கோயிலில் வழிபட்டு, இறங்கும்போது இரயிலில் வந்தோம். சுரங்கத்தைக் கடக்கையில் மாணவர் ஒருவர், டோலி சுமந்தோர் கீழே இறங்கும்போது நாற்காலி வெறுமையாக இருந்திருக்குமா, அவ்வாறாயின் இறங்கும் நடைக்கும் கூலி உண்டா என்று கேட்டார். வண்டி அதற்குள் கீழ் நிலையத்தை அடைந்துவிட்டது.